மாப்பிள்ளை அறையின் சுவர்

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே கேளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. வேறொருவன் வந்து இதையே என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவன் முகத்துக்கு நேரேயே சிரித்திருப்பேன். ஜின் என்று ஒரு படைப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, அது குர்ஆன் ஓதலில் உள்ள விஷயம். ஆனால் அதற்கு வேறு வேலை இல்லாமல் கற்பிட்டியில் வேன் ஓட்டுகிற ஒருவனுடைய வீட்டுச் சுவருக்குள் வந்து குந்திக்கொண்டிருக்கும் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால், தேத்தண்ணியைக் கூடக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். என் மனைவி ரிஸ்மியாவைக் கேட்டுப் பாருங்கள், அவளும் இதைத்தான் சொல்வாள்.

என்னைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்கு மீன் நாற்றம் ஆகாது. கற்பிட்டியில் பிறந்தவனுக்கு இது ஒரு வியாதி மாதிரித்தான், ஊரே கருவாட்டில் நிற்கிறது, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆலங்குடா ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். ஒரு தடவை சொந்தக்காரர் ஒருவர் கருவாட்டு மூடை ஒன்றை வேனில் ஏற்றிவிட்டார், அந்த நாற்றம் போக நான் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். அன்றிலிருந்து என் வேனில் ஒரு நெத்தலி கூட ஏறியது கிடையாது. சாப்பிட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, மணந்து பார்த்து, திரும்பவும் கழுவுகிறவன் நான். வீட்டில் எல்லோரும் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், ஸஹ்ரா. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், அது உங்களுக்குத் தெரியும். அதனால் பெண் வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை இருக்க வேண்டும், கதவைப் பூட்டக்கூடிய ஒழுங்கான அறை. எங்கள் வீட்டில் அது இல்லை. முன்னர் வந்த ஒரு சம்பந்தம் இதே காரணத்தால்தான் கலைந்தது, வந்து பார்த்த பெண்டுகள் "மாப்பிள்ள எங்க படுக்கிற, ஹோல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஸஹ்ரா அன்று குசினிக்குள் நின்று அழுததை நான் மறக்கவில்லை. பிறகு கனமூலையிலிருந்து இர்பான் என்ற பிள்ளையைப் பேசி வந்தார்கள், மதுரங்குளியில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிற அமைதியான பிள்ளை. ஸஹ்ராவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுக்கப் பாடிக்கொண்டே வீடு கூட்டினாள். எப்படியாவது அவளுக்கு ஓர் அறையைக் கொடுத்துவிட வேண்டும், என் நெஞ்சில் அது ஒன்றுதான் இருந்தது.

முன் ஹோல் நீளமானது. குறுக்கே ஒரு சுவர் வைத்தால் அறை. கல் வைத்துக் கட்டுவதென்றால் தரையில் போட்டிருக்கிற மாபிள் கல்லை உடைத்து அத்திவாரம் வெட்ட வேண்டும், கீழே எல்லாம் கடல் மணல். கல்யாணத்துக்கு முன் முடிகிற காரியம் இல்லை. அப்போதுதான் எனக்கு ஜிப்சம் பலகை ஞாபகம் வந்தது. ஹோட்டல்களில் ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது அந்த வேலையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சட்டம் அடிக்கிறது, இரு பக்கமும் பலகையை வைத்து இஸ்குரூப்பு ஆணி முடுக்குகிறது, பொருத்து வருகிற இடத்தில் வலை டேப்பை ஒட்டிப் புட்டி இழுக்கிறது, காய்ந்ததும் தேய்த்துப் பெயின்ட் அடிக்கிறது. கைத்தொலைபேசியிலும் வீடியோ நிறையப் பார்த்தேன். நம்மால் முடியாதா என்ன என்ற தைரியம் வந்துவிட்டது.

பிழை எங்கே நடந்தது என்றால் சட்டத்தில்தான். வழமையாகத் தகரச் சட்டம்தான் அடிப்பார்கள். ஆனால் எங்கள் உப்புக்காற்றுக்குத் தகரம் நிற்காது, ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் சுவரில் வருஷம் திரும்பமுன் துருக்கறை வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெளியே வந்து நின்றதை நானே பார்த்தேன். என் மனைவியின் தம்பி நஸீர் கடலிலும் களப்பிலும் மீன் பிடிக்கப் போகிறவன், அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"மச்சான், தகரம் என்னத்துக்கு? களப்புப் பக்கம் பழைய வள்ளம் ஒண்ட ஒடச்சி வெறகுக்குக் குடுக்கிறாங்க. அந்தப் பலக உப்புத் தண்ணிலயே ஊறினது. கறையானும் தின்னாது, உளுத்துப் போகவும் மாட்டாது."

"நாறுமேடா."

"கழுவினாப் போற நாத்தம்தானே மச்சான். நீங்க ஒரு ஆள்."

எங்கள் ஊரில் இது புதிய விஷயம் இல்லை. வள்ளப் பலகையில் கோழிக்கூடு இருக்கிறது, கதவு இருக்கிறது, கடையின் தட்டு இருக்கிறது. நானும் சரி என்றேன். பலகைகள் வந்தன. சவர்க்காரத் தூளும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து மணந்து பார்த்துத்தான் உள்ளே எடுத்தேன். நம்புங்கள், ஒரு நாற்றமும் இருக்கவில்லை. நஸீரும் நானும் அறுத்துச் சட்டம் அடித்தோம், ஜிப்சம் பலகை ஏற்றினோம், இளம் பச்சைப் பெயின்ட் அடித்தோம். ரிஸ்மியா வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயின்ட் காய்ந்து சில நாட்கள்தான் போயிருக்கும். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு உள்ளே போனால் மூக்கில் அடித்தது. சுவரில் முழங்கால் உயரத்தில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு ஈரம். அதில் ஈக்கள். ஒன்றிரண்டு இல்லை, அந்த இடம் கறுப்பாகவே தெரிந்தது, கையை ஓங்கினால் எழும்பி அதே வட்டத்தில் திரும்பவும் உட்கார்ந்தன. நான் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். துணியோடு நூல் நூலாக இழுபட்டு வந்தது. மஞ்சளும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு வழுவழுப்பு, கருவாட்டுக் குவியலுக்கு அடியில் மழைத்தண்ணி தேங்கி வெயிலில் காய்ந்தால் ஒரு நாற்றம் வருமே, அது. என் விரலில் பட்டுவிட்டது. நான் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நஸீர் வந்து பார்த்துச் சிரித்தான். வள்ளம் உளுத்துப் போகாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்கள், அது மரத்துக்குள் ஊறியிருக்கும், அறை வெக்கைக்குக் கசிகிறது என்றான். நியாயமான கதைதான், நானும் ஏற்றுக்கொண்டேன். நனைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தோம். உள்ளே ஜிப்சம் கஞ்சியாகக் கரைந்து கையில் வந்தது, பின்பக்கத்துக் கடதாசி தோல் உரிகிற மாதிரி உரிந்தது. ஆனால் ஒன்றை அப்போதே நான் கவனித்தேன். அந்த இடத்துக்குப் பின்னால் சட்டமே இல்லை. வெறும் இடைவெளி. பக்கத்துச் சட்டங்களைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்து சுள்ளி மாதிரி இருந்தன. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், நஸீர் புட்டியைக் குழைக்கத் தொடங்கினான். புதுத் துண்டு வைத்து, டேப் ஒட்டி, புட்டி இழுத்து, பெயின்ட் அடித்து மூடினோம். அடுத்த நாளே அதே இடத்தில் அதே ஈரம், அதே ஈக்கள். திரும்பவும் வெட்டினோம், திரும்பவும் மூடினோம். என் கையில் அந்த நாற்றம் ஏறி நின்றுவிட்டது, தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை, கரண்டியால் சோறு தின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நானும் ரிஸ்மியாவும் ஸஹ்ராவும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். நல்ல வெயில், வெளியே மோட்டார் சைக்கிள்கள் போகின்றன, பக்கத்து வீட்டில் ரேடியோ. அந்த நேரத்தில் சுவருக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. சளக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்துச் சொர் என்று ஒன்று. திரும்பச் சளக், திரும்பச் சொர். எலி என்றாள் ரிஸ்மியா. எலி தண்ணீர் ஊற்றுமா? வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் வெட்டின பிளாஸ்டிக் எண்ணெய்க் கானால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவார்களே, களப்புக் கரையில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அதுதான் அது. அவசரமாக இறைக்கவில்லை, களைத்துப்போன ஒருவர் விடாமல் இறைக்கிற மாதிரி இருந்தது. நான் எழும்பிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. ஆணி கழன்றிருக்கும் என்பீர்கள். இல்லை, பார்த்தேன். முழுச் சுவரும் அலையில் நிற்கிற மாதிரி ஆடியது. பயத்தை விட எனக்கு அருவருப்புத்தான் வந்தது, ஏனென்றால் அது குளிர்ந்து, செத்த மீனின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது.

நஸீரைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் சொன்னான்.

"மச்சான், அந்த வள்ளம் தனியாத்தான் கரைக்கு வந்தது. பாதிக்குத் தண்ணி. தண்ணி எறைக்கிற கான் கயித்தோட அப்புடியே கெடந்தது. ஆளு இல்ல."

"ஆரு ஆளு?"

"தெரியாது. நம்ம பக்கத்து வள்ளம் இல்ல அது. ஒருத்தரும் தேடி வரல்ல."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க எடுப்பீங்களா? பலக நல்ல பலக மச்சான்."

அன்றே முழுச் சுவரையும் பிரித்தோம். வள்ளப் பலகைகளை நஸீர் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டான். துரு பிடித்தால் பிடிக்கட்டும் என்று தகரச் சட்டம் எடுத்தேன், ஜிப்சம் பலகையும் புத்தளத்திலிருந்து புதிதாக எடுத்தேன், ஆணி கூடப் பழையது ஒன்று பாவிக்கவில்லை. தரையை மூன்று நான்கு தடவை கழுவினேன். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து ஓதினார். வந்தவர் வாசலிலேயே நின்று, "வீட்டுக்குள்ளயா மீன் வெட்டுறீங்க?" என்று கேட்டார், எனக்கு மானமே போய்விட்டது. ஆனால் புதுச் சுவர் எழும்பி, பெயின்ட் காய்ந்த பிறகு ஈரமும் இல்லை, ஈயும் இல்லை. ஒரு கிழமை பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சரி, தொலைந்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வந்த நாள். இர்பானின் உம்மா கெட்டிக்காரி, மூக்கு என் மூக்கை விடக் கூர்மை. கட்டில், அலுமாரி, யன்னல் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். வட்டலப்பம் பரிமாறி எல்லோரும் அறைக்குள்ளேயே நின்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். ஸஹ்ரா கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். இர்பான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன், "மாமா, இதெல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டபடி கையை நீட்டிச் சுவரில் வைத்தான். அதே இடத்தில்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அவன் உள்ளங்கையைச் சுற்றி ஈரம் ஊறிப் பரந்தது. அவன் கையை எடுத்தான், விரல்களுக்கும் சுவருக்கும் நடுவில் அந்த நூல் இழுபட்டது. என் தொண்டைக்குள் வட்டலப்பம் ஏறி வந்தது. கதை முடிந்தது, என் பிள்ளையின் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு சீலைப் பக்கம் பார்த்தான். லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்து, அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எழும்பி அந்த ஈரத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். உம்மா வெளியே போகிற வரைக்கும் அப்படியே நின்றான். அவன் வெள்ளைச் சட்டையின் பின்பக்கம் நனைந்திருந்தது. வாசலில் அவனுடைய உம்மா மூக்கைச் சுருக்கி, "என்னமோ வாட வருது" என்றார்.

"களப்புக் காத்து உம்மா," என்றான் இர்பான்.

இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பார்? அவர்கள் போனதும் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பெயின்ட்டில் ஒரு கறை கூட இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தச் சுவர் எங்களுக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. கல்யாணம் நடந்தது, இர்பான் வந்து இருந்தார், ஸஹ்ரா திரும்பவும் பாடிக்கொண்டு வீடு கூட்டினாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியே இருக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு இர்பான் அறையில் படுத்துவிட்டார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் ஹோலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கண்ணை உயர்த்தினால் அவருடைய வலது கை தெரிகிறது. ஆள் நல்ல நித்திரை, குறட்டை கேட்கிறது. கை மட்டும் கட்டிலுக்குக் கீழே தொங்கி, குழித்து, அள்ளி, மேலே வந்து, சுவர்ப் பக்கம் கவிழ்ந்து, திரும்பக் கீழே போகிறது. அள்ளுகிறது, கவிழ்க்கிறது. இந்த ஆள் கடலுக்கே போகாதவர், டொல்பின் பார்க்கப் போகிற போட்டில் கால் வைக்கவே பயப்படுகிறவர். வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற லாவகம் அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது? அதே கையால்தான் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைகிறார், என் தட்டில் மீன் துண்டு வைக்கிறார். அன்று இரவு நான் பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஸஹ்ராவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்புடித்தான் வாப்பா. அவருக்குத் தெரியாது. எழும்பினா கை வலிக்கிது எண்டு மட்டும் சொல்லுவார்."

"நீ புடிச்சி நிப்பாட்டுறதுதானே மகள்?"

"ஒருக்கா புடிச்சேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "செவரு உப்பிக்கொண்டு வந்திச்சி வாப்பா. கீழெல்லாம் ஈரம், கட்டில் ஆடிச்சி. நான் கைய விட்டுட்டேன். விட்டோன்ன காஞ்சி போச்சி. இப்ப நான் புடிக்கிறதில்ல. எறைக்கட்டும்."

"நாளைக்கே அந்தச் செவர ஒடச்சிப் போடுறேன்."

"ஒடச்சா அந்தத் தண்ணி எங்க வாப்பா போகும்?"

நீங்கள் அவர்களை வேறு எங்காவது வீடு எடுத்துப் போகச் சொல்வீர்கள், நானும் சொன்னேன். அவள் மாட்டேன் என்கிறாள், அவருடைய கை எங்கே போனாலும் அவரோடுதானே வரும் என்கிறாள். அதனால் சுவர் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஜும்ஆவை ஆலங்குடாப் பக்கம் தொழுதுவிட்டு, ஓட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேனுக்குள்ளேயே இருந்துகொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை மட்டும் வேன் பழுதாகி வீட்டில் இருந்தேன். இர்பான் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவார் என்றார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாப்பாடு முடிந்ததும் ஸஹ்ரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னேரம் வெளியே வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள், முகம் வெளுத்துக் களைத்துப்போய் இருந்தது. கோப்பையை வாங்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்த மாதிரி நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது.

"உடுப்புக் கழுவினியா மகள்?" என்று கேட்டேன்.

"இல்ல வாப்பா," என்றாள்.

கோப்பையிலிருந்து அந்த நாற்றம் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு மிடறு கூட மிச்சம் வைக்காமல் குடித்தேன்.